மருதோன்றியும் மங்கலமும்

மக்கள் தம் உள்ளத்தே எழும் உவகையை உள்ளத்தினுள்ளேயே அடக்கி வைக்கும் இயல்பினரல்லர். மகிழ்ச்சி மிக்க காலத்து அது வாயிலிற் கோலமாகவும், கூந்தலிற் பூவாகவும், மேனியில் நறுஞ்சாந்தாகவும் புறத்தே வெளிப்படுகின்றது. அவ்வாறு வெளிப்படும் அடையாளங்களுட் பொன்னும் மணியும் செல்வர்க்கே எளியன. பூவோ அன்றே வாடிவிடுவது. வேலியோரத்துச் செடியொன்றின் தழையை உருவி, அரைத்து, கையில் அப்பிக்கொள்ளும் அளவில், ஏழை செல்வர் என்னும் வேறுபாடின்றிப் பல நாள் நிலைக்கும் செவ்வணியாக அமைவது மருதோன்றி. இதனை மகளிர்க்குரிய சிறு விளையாட்டென்று கருதி ஒதுக்குவாரும் உளர். சிறிது ஆராய்ந்து பார்ப்பின், மணம், பிரிவு, போர், இழவு ஆகிய வாழ்வின் பெருநிகழ்ச்சிகளோடு இச்செடி பின்னிக் கிடத்தல் புலனாகும். இதன் பெயர், நிறம் பற்றும் முறை, இதனை அணிதலின் உட்பொருள், இதனினின்றும் விலக்கப்பட்டோர் நிலை என்னும் இவற்றை முறையே ஈண்டு ஆராய்வாம்.

பெயரும் செடியும்

பேச்சு வழக்கில் இதனை மருதாணி என்கின்றோம். மருதோன்றி, ஐவணம், அழவணம் என்னும் பெயர்கள் அகராதிகளிற் காணப்படும். மலையாள நாட்டார் மயிலாஞ்சி என்பர். தெலுங்கர் கோரிண்டாக்கு என்பர். வடநாட்டார் மெஹந்தி என்பர். அராபியர் ஹின்னா என்பர். ஸ்வீடன் நாட்டுத் தாவரநூற் புலவராகிய லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் இதற்கு லாசோனியா இனெர்மிஸ் என்று பெயரிட்டார். முதற்சொல், அவர் நண்பரும் ஸ்காத்லாந்து மருத்துவருமாகிய ஐசக் லாசன் என்பவரை நினைவூட்டுவது. 1735-இல் லின்னேயஸின் இயற்கை நூல் அச்சேறுதற்குப் பொருளுதவி புரிந்தோருள் இவர் ஒருவர். இரண்டாம் சொற்குப் ‘படைக்கலம் இல்லாதது’, அஃதாவது முள்ளில்லாதது, என்பது பொருள். ஆயினும் முதிர்ந்த கிளைகளில் முள் தோன்றுதல் உண்டென்பதை இதனை வேலியாக வளர்ப்போர் நன்கறிவர். மாதுளையும் இதுவும் ஒரே குடும்பத்தன என்று இற்றைத் தாவர நூலார் கொள்வர். கிளை நுனியிற் கொத்துக் கொத்தாகப் பூக்கும் இதன் சிறுபூ நிறத்தால் எளியது, மணத்தால் மிக்கது. அப்பூவைத் தலையணையில் வைத்துத் துயின்றால் நல்லுறக்கம் வரும் என்பது நம் நாட்டு மருத்துவர் கொள்கை.

இப்பூவைப் பற்றிய குறிப்பு விவிலியத்தும் உளது. உன்னதப்பாட்டின் முதலதிகாரத்துப் பதினான்காம் வசனத்திலே, தலைவி தன் நேசரை எங்கேதியூர்த் தோட்டங்களில் வளரும் மருதோன்றிப் பூங்கொத்தோடு ஒப்பிட்டு மகிழ்கின்றாள். நான்காம் அதிகாரத்திலும் அச்செடி கூறப்படுகின்றது. எங்கேதி என்பது சாக்கடலின் மேல்கரைக்கண் உள்ள ஊற்று வளமுடைய இடம். சுற்றிலும் பாறையும் உவர்நிலமுமாகக் கிடப்ப, நடுவே நீரும் பசுமையும் உடைத்தாய் விளங்குவது. அத்தகைய இடத்து மலர்ந்த மணப்பூவை அன்பிற்கு உவமையாக்கியது மிகப் பொருத்தமே. எபிரேய மூலத்திற் கோபெர் என நின்ற சொல்லை 1611-ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பாளர் ‘காம்பையர்’ என்று எழுதினர். அது கர்ப்பூரத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லாதலின், கற்போர் மயங்குதற்கு இடமாயிற்று. 1885-இல் வெளிவந்த திருத்திய மொழிபெயர்ப்பு அதனை மருதோன்றிப் பூ என்று மாற்றிற்று. நம் தமிழ் வேதாகமத்தில் மருதோன்றி என்ற சொல்லே நிற்றலின், சிற்றூரிற் பிறந்த தமிழ் மகள் தன் வீட்டு வேலியையே வேதத்துட் காண்கின்றாள்.

நிறம் பற்றும் முறை

மருதோன்றியின் இலை பச்சை. அரைத்த விழுதும் பச்சை. கையில் ஏறுவது மட்டும் சிவப்பு. இஃது எங்ஙனம் எனின், கூறுதும். இலையினுள் லாசோன் என்னும் சாயப்பொருள் உளது. உலர்ந்த இலையில் அதன் அளவு நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கே. இலை சிதையாதிருக்கும் வரையில் அது சர்க்கரைப் பொருளோடு பிணைந்து கிடத்தலால் வெளிப்படுவதில்லை. இலையை நைய அரைத்து, புளியோ எலுமிச்சஞ்சாறோ சேர்க்குங்கால் அப்பிணிப்பு அவிழ்ந்து சாயம் விடுபடுகின்றது. விடுபட்ட சாயம், தோலிலும் நகத்திலும் மயிரிலும் உள்ள கெராட்டின் என்னும் புரதத்தோடு வேதியியல் முறையாற் கூடிவிடுதலின், நீராற் கழுவினும் நீங்காது. கழுவியவுடன் செம்மஞ்சளாகத் தோன்றும் நிறம், காற்றுப்பட்டு ஒன்றிரண்டு நாளிற் கருஞ்சிவப்பாக முதிரும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மேற்றோல் தடித்திருத்தலின் ஆண்டு நிறம் மிகும், புறங்கையிற் குறையும்.

நன்கு சிவந்த கையையுடையாள் கணவனன்பை மிகப் பெறுவாள் என்பது நாட்டு வழக்கு. வடநாட்டார் மாமியாரன்பையும் இதனோடு கூட்டிக் கூறுவர். இலையின் முதிர்ச்சி, அரைத்த பதம், தோலின் தடிப்பு, மேனியின் வெப்பம், விழுதை வைத்திருந்த நேரம் ஆகியவற்றால் நிறம் மிகுவதாகலின், வரப்போகும் கணவன் அதற்குக் காரணனாதல் இயலாது என்று அறிவியலார் நகைப்பர். அவர் கூற்று உண்மையே. எனினும் ஈண்டு நோக்கற்பாலது ஒன்றுளது. நெடுநேரம் பொறுத்திருந்த கையே நன்கு சிவப்பது. கையை அசையாது வைத்துக்கொண்டு நெடுநேரம் பொறுத்திருத்தல் ஒரு பெண்ணுக்கு எப்பொழுது இயலும்? அவள் செய்யவேண்டிய வேலையைப் பிறர் ஏற்றுக்கொண்டபொழுதே இயலும். அடுப்பும் தொட்டிலும் அழைத்துக்கொண்டே இருக்குமாயின், அரை நாழிகையில் அவள் கையைக் கழுவ வேண்டியதுதான். ஆதலின், சிவந்த கை வருங்கால அன்பைக் காட்டுமோ காட்டாதோ, சென்ற இரவில் ஒருத்தி தன்னைச் சூழ்ந்தோரிடம் பெற்ற அன்பைக் காட்டுதல் ஒருதலை.

அணிதலின் இன்பம்

ஆடித் திங்களும், மணநாளும், இசுலாமியர் பெருநாளின் முன்னிரவும் நம் நாட்டில் மருதாணிக்குரிய காலங்கள். பகலிற் சிறுமியர் இலை உருவுவர். இலையோடு கொட்டைப்பாக்கும் சிறிது புளியும், சிலர் கிராம்பும் கூட்டி அம்மியில் அரைப்பர். இரவு உணவு முடிந்தபின் விரல் நுனிகளிற் தொப்பி போலக் கவித்து, உள்ளங்கை நடுவே நிலவு போல ஒரு வட்டமும், அதனைச் சூழ விண்மீன் போலப் புள்ளிகளும் வைப்பர். நகச்சுற்றுக்கும் காற்பித்த வெடிப்புக்கும் இது மருந்தென்றும், மேனிச் சூட்டைத் தணிக்குமென்றும் முதியோர் கூறுவர்.

கை இரண்டும் பயன்படாது போகும் அவ்விரவில் மூக்கரித்தால் தாயை அழைத்தல் வேண்டும். நீர் வேட்கை எடுத்தால் தமக்கையை அழைத்தல் வேண்டும். கொசுக் கடித்தால் யாரையேனும் கெஞ்சுதல் வேண்டும். சோறுண்ண மறந்து கையை நீட்டிவிட்ட பெண்ணுக்குத் தாய் உருட்டி ஊட்டுவாள். வளர்ந்த மகளும் அவ்விரவிற் குழந்தையாகிவிடுகின்றாள். விடிந்தபின் உலர்ந்ததை உதிர்த்து, எண்ணெய் தடவி, கையை முகர்ந்து, யார் கை மிகச் சிவந்தது என்று ஒத்துப் பார்த்தலில் உள்ள இன்பம், அதனை நுகர்ந்தார்க்கே தெரியும். ஆண்டு முழுதும் பிறர்க்கு ஊட்டிய கை, ஓரிரவு தான் ஊட்டப்பெறும் நிலையை எய்துதலே இவ்வணியின் முதற்பொருள் என்பது எம் கருத்து.

பிரிவின் நிறம்

இனி, மணமகள் கைக்கு வருவாம். துருக்கி நாட்டில் மணநாளின் முன்னிரவுக்கு மருதோன்றி இரவு என்றே பெயர். செந்திரையால் முகம் மறைத்த பெண்ணை நடுவில் இருத்தி, மெழுகுவர்த்தி ஏந்திய தோழியர் சூழ வந்து, பிறந்தகம் பிரிதலைப் பற்றிய துயரப்பாடல்களைப் பாடுவர். அவள் கண்ணீர் விடுதலை அவையினர் எதிர்நோக்கியிருப்பர். மூடிய கையை அவள் எளிதில் திறவாள்; மாமியார் உள்ளங்கையிற் பொற்காசு வைக்கும்பொழுதே விரல் விரிப்பாள். அதன் பின்னரே மருதோன்றி பூசிக் கையைச் சிவந்த துணியாற் கட்டுவர். அந்நாட்டார் படைக்குச் செல்லும் இளைஞனுக்கும் மருதோன்றியிடுவர். தியாகத் திருநாளிற் பலியிடும் ஆட்டுக்கும் இடுவர். ஆடு இறைவனுக்கும், இளைஞன் தாய்நாட்டிற்கும், மணமகள் தன் கணவனுக்கும் ஒப்படைக்கப்படுதலைக் குறிப்பது இச்சிவப்பு என்பது அவர் தரும் விளக்கம். மகிழ்ச்சியின் நிறமென்று நாம் எண்ணியதனுள் ஒப்படைப்பின் நடுக்கமும் கலந்திருத்தல் இதனாற் பெறப்படும். பெண்ணைப் பலிப்பொருளோடு ஓரினமாக எண்ணுதல் தகுமோ என்னும் வினா நம் நெஞ்சில் எழாமற் போகாது. அவ்வினாவை மறையாமல், பெண் வாய்விட்டு அழுதற்கு ஓரிரவை அவ்வழக்கம் ஒதுக்கி வைத்திருத்தலையும் நாம் மறத்தலாகாது.

வடநாட்டிலோ மணமகள் கையிலுள்ள கொடிக்கும் பூவுக்கும் இடையே மணமகன் பெயரை மறைத்தெழுதி, அவனைத் தேடிக் காணச் செய்வர். முன்பின் பழகாத இருவர் கைபற்றி அமர்ந்து நகைத்துப் பேசுதற்கு அவ்விளையாட்டு வாயிலாகின்றது. மலையாள நாட்டு இசுலாமியர் மயிலாஞ்சி இரவிற் கைகொட்டிப் பாடுவர். ஏமன் நாட்டினின்றும் இஸ்ரவேலிற் குடியேறிய யூதரும் இச்சடங்கைக் கைவிடவில்லை. சமயம் பலவாயினும், பெண் ஒரு வீட்டினின்றும் மற்றொரு வீட்டிற்குச் செல்லும் வாயிற்படியில் அவள் கை சிவந்திருத்தல் பொதுவாயிற்று.

நகத்திலே தேயும் பிறை

பச்சை குத்திய குறி உடலோடு அழிவது. மருதோன்றியோ அத்தன்மையதன்று. தோலிலேறிய நிறம் மேற்றோல் உதிருந்தோறும் மங்கி, இரண்டு மூன்று வாரத்தில் மறைந்துவிடும். நகத்திலேறிய நிறம் அவ்வாறு உதிர்வதன்று. நகம் வளர வளர நுனி நோக்கித் தள்ளப்படுவது. கைவிரல் நகம் திங்களுக்கு ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் வளரும். அடி முதல் நுனி வரை முழுதும் புதிதாதற்கு ஆறு திங்கள் செல்லும். மணமாகிச் சென்ற பெண்ணின் உள்ளங்கைச் சிவப்பு மறைந்த பின்னும், அவள் நகநுனியில் ஒரு செம்பிறை நெடுநாள் நிற்கும். புகுந்த வீட்டிற் பாத்திரம் துலக்கும்பொழுதும், அரிசி களையும்பொழுதும் அப்பிறை அவள் கண்ணிற் படும். தாய் அரைத்து, தமக்கை அப்பிவிட்ட அவ்விரவு அவள் நினைவில் எழும். நகத்தை வெட்டுந்தோறும் அது தேய்ந்து, ஒரு நாள் முற்றும் நீங்கிவிடும். அதற்குள் அவ்வீடு அவட்குத் தன் வீடாயிற்றாயின் நன்று. ஆகாதாயின், அப்பிறை நீங்கிய நாளில் அவள் எய்தும் தனிமையை யார் அளந்தறிவார்?

விலக்கப்பட்டோர்

நிற்க. ஒன்றை மங்கலம் என்று உயர்த்துமிடத்து, ஒருவரை அமங்கலம் என்று தாழ்த்துதலும் உடன் நிகழ்ந்துவிடுகின்றது. கணவனை இழந்தாட்குப் பூவும் மஞ்சளும் விலக்கப்பட்டவாறே மருதாணியும் விலக்கப்பட்டது. இசுலாமிய நெறியில் கணவனை இழந்தாள் நான்கு திங்களும் பத்து நாளும் துக்கம் காத்து, அக்காலத்து மருதோன்றி முதலிய அணிகளை நீக்குவாள். அதன் பின்னர் அவட்குத் தடையில்லை. நம்மவர் வழக்கிலோ அவ்விலக்கு வாழ்நாள் அளவினதாயிற்று.

யாம் நெல்லைச் சீமையிற் கிறிஸ்தவக் குடியிற் பிறந்தோம். எனினும் இவ்வழக்கம் எம் வீட்டினின்றும் நீங்கியதன்று. எம் ஆச்சி முப்பது அகவையிற் கணவனை இழந்தவர். ஞாயிறுதோறும் வெள்ளைப் புடைவையோடு ஆலயம் செல்பவர். ஆண்டுதோறும் பேர்த்தியர் அனைவருக்கும் மருதாணி அரைப்பவர் அவரே. அவர் அரைத்தாற் பதம் தவறாது என்பது எம் தெருவார் அறிந்தது. ஆயின், ஒரு பொட்டும் தம் கையில் வைத்துக்கொண்டாரல்லர். ஒருமுறை மறுநாட் காலையில் என் தங்கை, “ஆச்சி, ஒங்க கையும் செவந்திருக்கே!” என்றாள். ஆச்சி தம் கையைத் திருப்பிப் பார்த்து, “அரைச்ச கை செவக்காம என்ன செய்யும்?” என்று கூறிவிட்டு அம்மியைக் கழுவச் சென்றார். வட்டமும் புள்ளியும் இன்றி உள்ளங்கை முழுதும் பரந்திருந்த அச்சிவப்பை யாவரும் கண்டோம்; ஒருவரும் அணியென்று கூறினோமில்லை. இலைக்கு விலக்கென்பது தெரியாது. தன்னைத் தொட்டாரையெல்லாம் அது சிவப்பிக்கும். விலக்கு நாம் வகுத்தது.

சபையில் எழும் வினா

நம் சபைகளிலும் மருதாணியணிதல் தகாதென்பாருளர். அவர் காட்டும் காரணம் மூன்று: அது வீண் அலங்காரம் என்பது ஒன்று, உடலிற் குறியிடுதல் என்பது ஒன்று, பிறர் சமய வழக்கம் என்பது ஒன்று. பேதுருவின் முதல் நிருபத்து மூன்றாமதிகாரமும், தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்து இரண்டாமதிகாரமும் பொன்னும் விலையுயர்ந்த ஆடையும் கொண்டு செய்யும் ஒப்பனையைக் கடிவன. காசு கொடாது வேலியிற் பறிக்கும் தழைக்கும் அவற்றிற்கும் இயைபு மிகச் சிறிதே. லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் விலக்குவது தோலைக் கீறுதலும் குத்துதலுமாம். மருதோன்றி தோலைத் துளையாது, தானே மறைவது. மூன்றாவது காரணத்திற்கு மலையாள நாட்டுக் கிநாநாயக் கிறிஸ்தவரின் வழக்கம் நல்ல விடையாகும். அவர் மணத்தின் முன்னாள் பெண்ணுக்கு மயிலாஞ்சியிடுங்கால், ஆதி பெற்றோரின் வரலாற்றைப் பாடுவர். விலக்கப்பட்ட கனியைப் பறித்த கையையும், அதனிடம் நடந்து சென்ற காலையும் நினைந்து, மணமகளின் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அது பூசப்படும் என்பது அவர் கொள்கை. பொதுவழக்கு ஒன்று விசுவாசத்தின் பாடமாக மாறிய வகையை இதிற் காண்க.

மனச்சான்று கருதி அணியாதாரை இகழ்தல் எம் நோக்கமன்று. எமக்குள்ள ஐயம் வேறு. பிறர் வழக்கமென்று மருதாணியை விலக்குவோர், கைம்பெண்ணை மங்கல வினையினின்றும் விலக்கும் வழக்கத்தை மட்டும் ஏன் விலக்கினாரல்லர்? அதுவும் பிறரிடமிருந்து வந்ததன்றோ? விதவையரைப் பேணுதலைப் பக்தியின் இலக்கணமாக வகுத்த யாக்கோபின் நிருபத்தைப் படித்துவிட்டு, மணவீட்டில் அவரை அடுக்களையின் கடைசியில் நிறுத்துதல் எங்ஙனம் பொருந்தும்? இலையைத் தள்ளி விலக்கைக் கொள்ளுதல், பழத்தை எறிந்து முள்ளைப் போற்றுதல் போலும்.

இற்றை நிலை

இக்காலத்து அம்மி அருகி, கூம்பு வடிவாகச் சுருட்டிய உறைகளில் அடைத்த விழுது கடைதோறும் விற்கப்படுகின்றது. இராசத்தானத்துப் பாலி மாவட்டத்துச் சோஜத் ஊர் மெஹந்தி 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. 2024-இல் அராபிய நாடுகள் பதினாறு கூடி வேண்டியதன் பயனாக, மருதோன்றிச் சடங்குகள் மனித குலத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் யுனெஸ்கோ நிறுவனத்தாற் சேர்க்கப்பட்டன. இவை மகிழ்தற்குரியன. ‘கறுப்பு மருதாணி’ என்று விற்கப்படுவதோ அஞ்சுதற்குரியது. மருதோன்றி தானாகக் கறுப்பதன்று. விரைந்து கறுத்தற்பொருட்டுப் பாரா-பெனிலீன்-டைஅமைன் என்னும் மயிர்ச்சாயப் பொருளைக் கலப்பர். அது சிலர்க்குத் தோலைப் புண்ணாக்கிக் கொப்புளிக்கச் செய்து, வாழ்நாள் முழுதும் நீங்காத ஒவ்வாமையையும் விளைக்கும். ஓரிரவு பொறுக்கமாட்டாத விரைவுக்கு மேனி கொடுக்கும் விலை இது.

இதுகாறும் கூறியவாற்றான், மருதோன்றியணிதல் வெறும் ஒப்பனையன்று என்பதும், கைக்கு ஓய்வும், பிரிவார்க்கு நினைவும், புதிதாகக் கூடுவார்க்கு வாயிலும் ஆவது என்பதும், அதன்கண் உள்ள குறை இலையினதன்று, நம்முடையது என்பதும் போதரும். மாணவ நண்பர்காள்! நும் வீட்டில் அடுத்த முறை மருதாணி அரைக்கப்படுங்கால், அரைத்தவர் யாவர் என்று நோக்குமின். அவர் கணவனை இழந்தவராயின், மணமாகாது மூத்தவராயின், ஊழியத்திற்கு வந்தவராயின், முதல் உருண்டையை எடுத்து அவர் கையை நீட்டுமாறு வேண்டுமின். அவர் மறுப்பாராயின் வற்புறுத்தற்க. அது அவர் விருப்பம். வினவப்பெறாமலே மறுக்கப்பட்டார் என்னும் நிலை மட்டும் நம் வீடுகளில் இல்லையாகுக.